கூரையில்லாத கொட்டிலின் வடக்கு மூலை

கிட்டே வாருங்கள், என் கண்மணிகளே. அடுப்பில் வரட்டி இன்னும் கனல்கிறது. அது சாம்பலாவதற்குள் ஒரு கதை சொல்கிறேன், கேளுங்கள். நம் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் காஞ்சொறி மண்டிக் கிடக்கிறதே ஒரு நீண்ட மேடு... அங்கே ஒரு காலத்தில் அறுநூறு ஆடுகள் குட்டி ஈன்ற கொட்டில் இருந்தது. கூட்டுப்பண்ணை கலைந்தபோது அதையும் பங்கு போட்டார்கள். ஒரு வீட்டுக்குக் கூரை ஓடு, ஒரு வீட்டுக்குக் கதவும் சன்னலும், சபர் வீட்டுக்கு வெறும் சுவர்! கூரையைக் கழற்றியவன் தன் வீட்டை மூடிக்கொண்டான். சுவர் மட்டும் பனியிலும் மழையிலும் கரைந்துகொண்டு நின்றது.

சபரின் மனைவி அனார்கான் வசந்தம் பிறந்ததும் ஒரு வாளிச் சேற்றில் வைக்கோலை மிதித்து எடுத்துக்கொண்டு அங்கே போவாள். வடக்கு மூலையை மட்டும் பூசிவிட்டு வருவாள். எத்தனையோ வருஷமாக இதே வேலை. ஊர் சிரித்தது. ஏன் என்று அவள் சொன்னதில்லை.

ஒரு நாள் காலை அவள் பால்தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி எசெனிடம் நீட்டினாள். அவன் கை நீட்டவில்லை.

"சின்னவரே, ஆறிடும்..."

"ஆறட்டும் அண்ணி. இந்த வீட்ல எனக்குன்னு எதுதான் சூடா இருந்துச்சு?"

எசென் அவள் வயிற்றில் பிறந்தவன்தான். முப்பத்தொரு வயது. மூத்த பிள்ளையை மாமனார் மாமியாருக்குக் கொடுத்துவிடுவது நம் வழக்கமாயிற்றே. நாற்பதாம் நாள் அவனைக் கொடுத்தாள். அன்றிலிருந்து மாமியார் அவனுக்கு அம்மா, சபர் அண்ணன், அனார்கான் அண்ணி! புருஷனின் தம்பி பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாதல்லவா? அதனால் பெற்ற பிள்ளையை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "சின்னவரே"தான்.

இப்போது எசெனுக்கும் மூத்த பிள்ளை பிறந்திருந்தது. மறுநாள் நாற்பது. மனைவி மேரிமையும் குழந்தையையும் பட்டணத்திலிருந்து கூட்டி வந்திருந்தான். முந்தின மாலை, உறவெல்லாம் கூடியிருந்த விருந்தில், குழந்தையை முறைப்படி, இனி அவளே வளர்க்கட்டும் என்று, அனார்கானின் மடியில் வைக்கப் போனான். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். அத்தனை பேர் முன்னால்!

"நீங்களாவது சொல்லுங்கண்ணே, என் பிள்ளைகிட்ட என்ன குறை?" என்று எசென் சபரைப் பார்த்துக் கேட்டான்.

சபர் ரொட்டியைப் பிட்டுப் பிட்டுச் சாப்பாட்டு விரிப்பில் போட்டுக்கொண்டிருந்தார். "நான் என்னத்தப்பா சொல்றது..."

"நீங்க என்னைக்குத்தான் சொன்னீங்க! சரி, லாரி இன்னைக்கு ஒரு நாள்தான். வாங்க, செங்கல்லையாவது எடுக்கறேன். என் வீட்டுக்கு இங்கேர்ந்து கிடைக்கறது அது ஒண்ணுதான் போலிருக்கு."

அனார்கான் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சாப்பாட்டு மூட்டை கட்டத் தொடங்கினாள்.

மத்தியானத்துக்குள் மூன்று சுவர் லாரியில் ஏறிவிட்டது. மேலே பச்சை மண்கட்டி, கீழே நல்ல சுட்ட செங்கல். அனார்கான் சாப்பாட்டு மூட்டையோடு ஏறி வந்தாள். பின்னாலேயே குழந்தையை அணைத்துக்கொண்டு மேரிம். கூரை ஓட்டைப் பங்காக வாங்கிய ஷார்ஷென் கிழவர் வேடிக்கை பார்க்க வந்து கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டாய்யா பூச்சுக்காரி! ஏம்மா அனார்கான், பூச்சு மட்டும் போதுமா, மேல ஒரு குடையும் புடிச்சிருக்கலாமே!"

"ஓட்டைத் தூக்கிட்டுப் போன மகராசன் நீங்க இருக்கறப்ப, குடை எனக்கெதுக்கு?" என்றாள் அவள்.

அவள் நேராகப் போய் வடக்கு மூலையில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"சின்னவரே... இந்த மூலைய மட்டும் விட்டுடுங்க."

எசென் கடப்பாரையை ஊன்றினான். அவன் இடது கையில் இரண்டு விரல் இல்லை. பட்டாளத்தில் பனி தின்றது.

"எதுக்கு?"

"சும்மா... நிக்கட்டுமே."

"சுவருக்கு இப்படிக் கெஞ்சறீங்களே அண்ணி... என்னைத் தூக்கிக் கொடுத்த அன்னைக்கு உங்க கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலையாமே! அம்மா சொல்லியிருக்காங்க. என் நாய்ச்சட்டைய நாய் இழுத்துட்டு ஓடுனப்ப எழுந்துகூட பார்க்கலையாம்! பட்டாளத்துக்குப் போறப்ப ஊர்ப் பையன் ஒவ்வொருத்தனுக்கும் அவன் ஆத்தா நாய்ச்சட்டைய உள்ளாடையில தைச்சு அனுப்புனா. நான் வெறும் நெஞ்சோட போனேன். வெறுங்கையோட..." அவன் அந்தக் கையைப் பார்த்தான். "என்னையும் வேண்டாம்னீங்க, என் பிள்ளையையும் வேண்டாம்னீங்க. ஒரு சுவரு மட்டும் வேணுமா?"

பிறந்த பிள்ளைக்கு முதலில் போடும் ஓரம் தைக்காத சட்டையை நாற்பதாம் நாள் கழற்றி, மிட்டாய் முடிந்து நாயின் கழுத்தில் கட்டி விரட்டுவோமே, அதுதான். பிள்ளைகள் துரத்திப் பிடித்து மிட்டாயைத் தின்பார்கள். சட்டை அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் காவல்.

அனார்கான் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். மெல்ல விலகி நின்றாள்.

மூன்றாவது அடியில் மூலை பிளந்தது. பூச்சின் மேல் பூச்சாக முழங்கை கனத்துக்கு இருந்த மண் பாளம் பாளமாகச் சரிந்தது. உள்ளிருந்து ஒரு ஆட்டுக்குட்டித் தோல் மூட்டை அவன் காலடியில் விழுந்தது.

பிரித்தான். உள்ளங்கை அகலத்தில் பழுத்துப்போன ஒரு வெள்ளைச் சட்டை. ஓரம் தைக்கவில்லை. கழுத்தருகே நாயின் பல் பதிந்த ஓட்டை. ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மிட்டாய்த் தாள்.

"அண்ணே... இது..."

சபர் செங்கல் குவியலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"உன்னோடதுதான்டா. அன்னைக்குப் பனிப்புயல். பசங்களால நாயைப் புடிக்க முடியல. அம்மா இவகிட்ட, 'மூணு பிள்ளைய மண்ணுக்குக் குடுத்தவ நான். நீ அழுதா இதுவும் நிக்காது. சுவத்தைப் பார்த்துத் திரும்பி உட்காரு'ன்னாங்க. உட்கார்ந்தா. அழல. சாயங்காலம் இங்க ஆட்டு வேலைக்கு வந்தா. குட்டிய உதைச்சுத் தள்ளுற ஆட்டைத் தடவிப் பாடிப் பாலூட்ட வைக்கிறது இவ வேலை. பாடிட்டிருக்கா... இவ முன்பக்கம் முழுக்கப் பால்ல நனைஞ்சு கிடக்கு. இந்த மூலையில நாய் படுத்திருந்துச்சு. சட்டைய அது வாயிலேர்ந்து எடுத்தா. அப்பத்தான்டா அழுதா... கொட்டில்ல இருந்த ஆடெல்லாம் திரும்பிப் பார்க்கற மாதிரி அழுதா."

"உங்களுக்கு எப்படி..."

"கதவுக்கு வெளிய நின்னேன். உள்ள வரல. அம்மாவுக்குப் பயந்துட்டு வந்த வழியே திரும்பிட்டேன்." சபர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். "முப்பத்தொரு வருஷமா நான் அந்தக் கதவுக்கு வெளியதான்டா நிக்கிறேன்!"

அனார்கான் அப்போதுதான் பேசினாள்.

"திருடிட்டேன். அத்தைகிட்டக் குடுத்திருக்கணும், குடுக்கல. உங்களோடதுன்னு ஒண்ணாவது என்கிட்ட இருக்கட்டுமேன்னு... இந்தச் சுவரு நிக்கறவரைக்கும் நீங்க நிப்பீங்கன்னு நானா நினைச்சுக்கிட்டேன். பட்டாளத்துக்குக் கிளம்பினப்ப எடுத்துத் தந்திருக்கலாம். திருடின்னு சொல்லிடுவாங்களேன்னு வாய மூடிக்கிட்டேன். உங்க விரல நான்தான்... நான்தான் தின்னுட்டேன்!"

மேரிம்தான் கேட்டாள்: "அப்புறம் ஏன் அக்கா... இவன வேண்டாம்னீங்க?"

"வந்த நாள்லேர்ந்து நீ மார்ல துணிய இறுக்கிக் கட்டுறியேம்மா, பால் வத்தறதுக்கு. அந்தக் கட்டு எனக்குத் தெரியாதா? என் வீட்ல இன்னொருத்தி கொட்டில்ல போய் அழ வேண்டாம். அவன் உன்கிட்டயே இருக்கட்டும். யாருக்கும் குடுக்காதே. எனக்கும் குடுக்காதே!"

மேரிம் குழந்தையோடு அப்படியே அவள் தோளில் விழுந்தாள். அழுகை சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது.

எசென் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "அ..." என்று ஆரம்பித்தான். அம்மா என்ற சொல் முப்பத்தொரு வருஷமாக வேறொருத்தியுடையது. அவளும் கல்லறையில் இருந்தாள். நாக்கு வழக்கம்போல "அண்ணி" என்றே முடித்தது. அவன் முகம் கோணிப் போயிற்று.

"பரவாயில்லைங்க. அந்த வார்த்தைய அத்தைக்கே விட்டுடுங்க. பொத்திப் பொத்தித்தான் வளர்த்தாங்க உங்கள, குறை சொல்லக் கூடாது."

"அப்ப நீங்க ஒண்ணு செய்யணும்." அவன் அவள் முன்னால், சேற்றில் மண்டியிட்டான். "என் பேரு என்ன? ஒரே ஒரு தடவ... சொல்லுங்க."

அனார்கான் சுற்றிலும் பார்த்தாள். கண்டிக்க யாரும் இல்லை. ஷார்ஷென் கிழவர்கூட மலைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

"எசென்" என்றாள். குரல் உடைந்தது. மறுபடி, அவன் தலையைத் தொட்டு, "எசென்..."

அவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்தாள்; அவன் தலை அவள் மடியில் சாய்ந்தது. பால் குடித்திருக்க வேண்டிய மடி. இப்போது அங்கே செங்கல் தூசியும் கிழப் பெண்ணின் எலும்பும்தான். போன வருஷங்கள் போனவைதானே, கண்ணுகளா.

பிறகு அவளே எழுந்து வடக்கு மூலையின் முதல் செங்கல்லை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"ஏத்துப்பா. இனி இது இங்க எதுக்கு? உன் வீட்டுச் சுவராகட்டும்."

அதனால்தான் அங்கே இப்போது மேடு மட்டும் இருக்கிறது. மறுநாள் குழந்தைக்கு நாற்பதாம் நாள் குளியலாக நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றியவள் அனார்கான்தான். ஊற்றி முடித்து, துவட்டி, மேரிம் மடியிலேயே வைத்தாள். எசென் அதற்குப் பிறகும் பழக்கத்தில் "அண்ணி" என்றுதான் கூப்பிட்டான், அவள் சாகும்வரை. அவள் மட்டும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, காரணமே இல்லாமல், அவன் பேரைச் சொன்னாள்.

வரட்டி அணைந்துவிட்டது. எழுந்து போங்கள், செல்வங்களே. உங்கள் வீட்டுச் சுவர்களுக்கு மேல் எப்போதும் கூரை இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் உங்கள் மடியிலேயே வளரட்டும். அழ வேண்டியதை உங்கள் வீட்டுக்குள்ளேயே அழ உங்களுக்கு இடம் இருக்கட்டும்.