போருக்கு முந்தைய தையல் மெஷின்

"ஐயா, எங்க வீட்டு வாசல்ல வண்டி நிக்குது. அண்ணன் மெஷினைத் தூக்கிட்டுப் போகப்போறான். அது போனா என் பொழைப்பே போச்சு," என்றாள் தையல்காரி.

போலீஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் ஊருக்கு ஆய்வாளராகவே இருந்த அந்த மனிதர், சட்டையை மாட்டியபடி விவரம் கேட்டார். அவளுடைய அப்பா சாகும் தறுவாயில், "போருக்கு முந்தின சாமானெல்லாம் மகளுக்கு, மத்ததெல்லாம் மகனுக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். மெஷின் எதில் சேர்த்தி என்பதுதான் வழக்கு.

ஆய்வாளரின் மச்சினன் அவருக்கு முன்னால் அவள் வீட்டுக்கு ஓடிப்போய் மெஷினுக்கு அடியில் தலையை விட்டான்.

"அத்தான், வருஷம் பொறிச்சிருக்கு! போருக்கு முந்தினதுதான். கேஸ் முடிஞ்சுது!"

"மெஷின் பொறந்தது அப்போ. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டது எப்போ?"

மச்சினன் மெஷினுக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுத்தான்.

"நான் பட்டாளத்துக்குப் போறப்போ இது வீட்ல இல்லீங்க. போர் முடிஞ்சு வந்தா இருக்கு. சண்டைக்கு நடுவுல யார் வாங்கிவைப்பாங்க? முடிஞ்சப்புறம் வாங்கினதுதான்." என்றான் அண்ணன். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை.

"நீ போன மறுவாரமே அப்பா வாங்கிட்டார்ணா."

"உனக்கு நீயே சாட்சியா?"

ஆய்வாளர் பின்கட்டு அறைக்குப் போனார். போர்க்காலத்தில் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாதென்று கறுப்புச் சாயம் அடித்த ஜன்னல்; கண்ணாடியின் ஓரங்களில் சாயம் இன்னும் ஒட்டியிருந்தது. கீழே தரையிலும் கறுப்புச் சொட்டுகள். நடுவில் ஒரு சதுரம் மட்டும் துடைத்துவிட்டது போல் சுத்தமாக இருந்தது.

"மெஷினை இங்க கொண்டாங்க."

நான்கு பேர் தூக்கி வந்து வைத்தார்கள். சதுரத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. அதன் இரும்புக் கால்களில், ஜன்னல் பக்கம் மட்டும், அதே கறுப்புச் சொட்டு.

"சாயம் அடிக்கிறப்போ மெஷின் இங்கதான் இருந்திருக்கு. போர் முடிஞ்சு வாங்கினது இல்ல," என்றார் ஆய்வாளர்.

அண்ணன் விடவில்லை. "சாயம் அடிச்சாங்கன்னா போர் ஆரம்பிச்சாச்சுன்னுதானே அர்த்தம்? நான் போன அன்னைக்கே ஆரம்பிச்சாச்சு. அப்புறம் எப்படி இது முந்தினது?"

"அரசாங்கக் கணக்குல நீங்க சொல்றதுதான் சரி. ஆனா அந்த வார்த்தையைச் சொன்னது அரசாங்கம் இல்லியே, உங்கப்பா. அவர் எதையெல்லாம் போருக்கு முன்னாடின்னு சொல்வார்?"

அண்ணன் யோசித்தான். "போருக்கு முன்னாடி உங்கம்மா பாடுவா... போருக்கு முன்னாடி உங்கம்மா சிரிச்சா தெருவுக்கே கேக்கும்பார்..."

"அம்மா எப்போ தவறினாங்க?"

"மொதல் குண்டு விழுந்த அன்னைக்கு," என்றாள் தங்கை. "சாயம் அடிச்சு ஒரு மாசம் கழிச்சு."

"அன்னைக்குத்தான் அவருக்குப் போர் ஆரம்பிச்சிருக்கு. அதுக்கு முந்தி இந்த வீட்ல இருந்ததெல்லாம் முந்தினதுதான்."

அண்ணன் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றான். பாவமாக இருந்தது.

"அப்போ அம்மா இதுல தைச்சாளா? எங்கிட்ட ஏன் யாருமே சொல்லல?"

"அம்மா செத்த நாளைப் பத்திப் பேச அப்பா விட்டாராண்ணா?"

"என்ன தைச்சா?"

"உனக்குச் சட்டை. பட்டாளத்துக்கு அனுப்பணும்னு சொன்னா. ஒரு கைதான் வச்சிருந்தா, அதுக்குள்ள சைரன் ஊதிருச்சு."

அண்ணன் வாசலுக்குப் போய், கூலியைக் கொடுத்து வண்டியை அனுப்பிவிட்டான். அதன் பிறகு வெகுநேரம் அவன் உள்ளே வரவில்லை.