ஐந்தாம் தலைமுறையின் உயிர்ச்சான்று

பூவராகனை வருடத்துக்கு ஒரு நாள் எழுப்புவார்கள். முதலில் காது திறக்கும், பிறகு கால் விரல்கள் சூடாகும், கடைசியில்தான் கண். உறைதுயில் பேழையின் மூடி விலகும்போது வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையும் தயாராக இருக்கும். யார் தோளையும் பிடிக்காமல் எழுந்து, தானே உடுத்திக்கொண்டு, முன்கூடத்துக்கு நிமிர்ந்து நடப்பார். அங்கே நீர் அதிகாரி காத்திருப்பார். உயிர்ச்சான்றில் கைரேகை வைத்ததும் விருந்துச் சாப்பாடு, மாலைக்குள் மறுபடி பேழை. செவ்வாய்க் கிரகத்தின் பெரிய குடும்பங்களில் எல்லாம் இதுதான் வழக்கம்.

இந்த முறை அவரை எழுப்ப வந்த மகள் செங்கமலம் கைத்தடி ஊன்றியிருந்தாள்.

"இது எப்ப வந்தது?"

"நீங்க படுத்த மறுமாசம். இடுப்பு எலும்பு விட்டுப்போச்சு. இப்பப் பரவாயில்லப்பா."

அவர் முதன்முதலில் பேழைக்குள் படுத்தபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது, அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் எழுபதைத் தாண்டிவிட்டாள். அவர் அறுபத்திரண்டிலேயே நின்றார்.

முன்கூடத்தில் புதிய அதிகாரி யாகப்பன் எழுந்து கும்பிட்டார். அவருக்குப் பின்னால் சுவரில் மூதாதை திருவேங்கடத்தின் படம். மலைக்கு அடியில் புதைந்திருந்த பனியை உருக்கி, சுருங்கை வெட்டி, அந்த நிலத்தடி வழியாகப் பள்ளத்தாக்குக்கு நீர் கொண்டுவந்தவர். அவருடைய தம்பிகள் இருவர் இடிந்து விழுந்த பாறைக்குள் இன்னும் கிடக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் குடியேறிகள் ஒரு சட்டம் தேடியபோது பழைய பாரசீகம் கைகொடுத்தது. வறண்ட நிலத்துக்கு நீர் கொண்டுவருகிறவனுக்கு அந்த நிலத்தின் பலனை ஐந்து தலைமுறைக்கு விட்டுக்கொடுத்தார்களாம் அந்நாட்டு ஆட்சியாளர்கள். தொடங்கிவைத்த மன்னன் யார் என்று எவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் குடியேறிகள் அதற்குப் பாரசீகப் பேரரசன் டேரியஸின் பெயரைச் சூட்டினார்கள். நெடுஞ்சாலை அமைத்தவன், வரியை ஒழுங்கு செய்தவன், பொய்யைப் பகையென்று மலைப்பாறையில் வெட்டிவைத்தவன் என்று அவன்மேல் அவர்களுக்கு அத்தனை மதிப்பு. ஐந்தாம் தலைமுறையின் கடைசி மூச்சோடு நீர் ஊருக்குப் பொதுவாகும் என்று விதி எழுதினார்கள். மன்னர்கள் காலத்தில் மனிதர்கள் செத்தார்கள். அந்தச் சட்டத்துக்கு மரணம்தான் காவல் இருந்தது. பேழைகளோடு வந்து இறங்கியவர்கள் அதை மறந்து, அப்படியே நகல் எடுத்துவிட்டார்கள்.

பூவராகன் ஐந்தாம் தலைமுறை. அதில் மிஞ்சிய ஒரே ஆள்.

"புதுசா யாராச்சும் சுருங்கை வெட்டுறாங்களா?" என்று அவர் கேட்டார்.

"இல்லீங்க ஐயா."

"போன வருஷமும் இதையேதான் சொன்னாங்க."

"எந்த வருஷமும் இதைத்தான் சொல்லுவாங்க ஐயா. பனி இருக்கிற இடமெல்லாம் உங்களை மாதிரி தூங்குறவங்க பேர்ல இருக்கு. எவன் போய் எங்க வெட்டுவான்? எங்க தெற்குக் குடியிருப்புல குளிக்கிறதுக்கே முறை வச்சிருக்கோம்."

"கைரேகை வாங்க வந்தீங்களா, கதை சொல்ல வந்தீங்களா தம்பி?" என்றாள் செங்கமலம்.

யாகப்பன் கைரேகைப் பலகையை முன்னால் நகர்த்தினார். பூவராகன் கைரேகை வைத்தார். கையை எடுக்காமலே, "இன்னொண்ணும் எழுதிக்குங்க. நான் இனிமே பேழையில படுக்க மாட்டேன்," என்றார்.

செங்கமலத்தின் கைத்தடி தரையில் தட்டியது. "வெளியில இருந்தா உங்க இதயம் ஆறு மாசம் தாங்காதுன்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சாப்பா?"

"மறக்கல."

"இந்தத் தண்ணியிலதான் நம்ம குடும்பத்து மானமே இருக்கு."

"வெட்டினவருக்கு இருந்தது. நான் என்ன வெட்டினேன்? அம்பது வருஷமா படுத்துக் கிடக்கேன். அஞ்சு தலைமுறைக்குக் கொடுத்தாங்க, தலை நிமிர்ந்து வாங்கிக்கிட்டோம். அதுக்கு மேல எடுத்தா அதுக்குப் பேர் வேற. இந்தப் படத்துக்குக் கீழ உக்காந்துக்கிட்டு அதைச் செய்ய என்னால ஆகாது."

"என் பசங்க என்ன பண்ணுவானுங்க?"

"வெட்டட்டும். ஆளு ஆறடி இருக்கானுங்கல்ல."

யாகப்பன் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். செங்கமலம் சிரிக்கவில்லை. "இத்தனை வருஷம் உங்களைக் கண்ணு மாதிரி காப்பாத்தினேனே."

"காப்பாத்தலம்மா. வச்சிருந்த."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் கடுமை அவருக்கே உறைத்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து, வந்த வழியே நடந்து, பேழையின் பின்பக்கம் இருந்த மின்னிணைப்பைத் தன் கையாலேயே பிடுங்கினார். அரை நூற்றாண்டாக அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த முனகல் நின்றது. அப்படி ஒரு சத்தம் இருந்ததே அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

அறை வாசலில் செங்கமலம் நின்றிருந்தாள். அவளுடைய நரைத்த தலையை அவர் நேராகப் பார்த்தார்.

"உன் கல்யாணத்தை நான் பாக்கல. நீ புருஷனைப் பறிகொடுத்ததையும் மறு வருஷம் முழிச்சப்பதான் சொன்னாங்க. அடுத்த தடவை மூடியைத் திறக்க வேற யாராச்சும் வந்து நின்னா நான் என்ன செய்வேன், சொல்லு."

அவர் கை நீட்டினார். யார் தோளையும் பிடிக்காத மனிதர், அவளுக்குத் தோள் கொடுத்துச் சாப்பாட்டு மேசைக்கு அழைத்து வந்தார். யாகப்பன் வணங்கிவிட்டு வெளியேறினார்.

சாப்பிட்டு முடித்ததும், "நாளைக்கு என்ன சமையல்?" என்று கேட்டார்.

செங்கமலம் தட்டுகளை அடுக்கினாள். விருந்துச் சாப்பாடு அவளுக்குத் தெரியும். ஆனால் இந்த ஐம்பது வருடத்தில் அதற்கு மறுநாள் அந்த மேசையில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

"சாதாரண நாள்ல நீங்க என்ன சாப்பிடுவீங்கன்னு எனக்கு மறந்தே போச்சுப்பா," என்றாள்.