கேபிள் இல்லாத பேட்டரி

மீட்டர் பன்னிரண்டு புள்ளி ஏழு வோல்ட் காட்டியது. அவன் அதை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டி, முனைகளைத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தான். அதே எண். எட்டு மாசமாக இரண்டு கேபிளும் கழற்றிப் போட்டபடி ட்ராக்டரிலேயே கிடக்கிற பழைய பேட்டரி அது. ஒன்பது காட்டினாலே கும்பிடு போடலாம். எடைக்குப் போட வேண்டிய சாமான் நேற்றுத்தான் கடையிலிருந்து வந்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

மணி நாலுதான். ஆனால் மத்தியானமே பிடித்துக்கொண்ட மழை ஷெட்டுக்குள் வெளிச்சத்தை அவ்வளவாக விடவில்லை. தகரக் கூரை மேல் தண்ணீர் விழுகிற ஓயாத இரைச்சலும், பழைய டீசலும் ஈர மண்ணும் எலி வாடையும் ஒன்றாகக் குழைந்து மூக்கில் ஏறுகிற நெடியும், சுவரோரமாக நிற்கும் ட்ராக்டரின் நிழல் சாக்கு மூட்டைகள் மேல் சரிந்து கிடப்பதும் சேர்ந்து, அவனைச் சும்மா சும்மா திரும்பிப் பார்க்க வைத்தன. திரும்பினால் யாரும் இல்லை.

ஊரில் அவனுக்குப் பேர் பேட்டரிக்காரன். எந்த வண்டி படுத்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இந்த ஒரு வண்டியை மட்டும் அவன் எட்டு மாசமாகத் தொடவில்லை. இது அவன் அக்கா வீட்டு ட்ராக்டர். அவள் புருஷன், அவனுடைய மச்சான், இதன் பின் சக்கரத்துக்கு அடியில்தான் செத்தார். ஏறி உட்காராமல் கீழே நின்றபடியே சாவியைத் திருப்பினார். வண்டி கியரில் இருந்தது. ஸ்டார்ட் ஆன கையோடு அவர் மேலேயே ஏறிவிட்டது. கவனமில்லாத மனுஷன் என்று ஊரே பேசியது. அக்காவும் அழுகைக்கு நடுவில் அதையேதான் சொன்னாள்.

கவனமில்லாதவன் யார் என்று அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். கிளட்சை மிதித்தால் ஒழிய ஸ்டார்ட் ஆகாதபடி அந்த வண்டியில் ஒரு ஸ்விட்ச் உண்டு. அது பழுதாகி வண்டி மக்கர் பண்ணியபோது, புதுசு வாங்கிப் போடச் சோம்பல்பட்டு, இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போனவன் அவன்தான். பத்து நிமிஷ வேலை. மச்சானிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினோராம் நாள் மச்சான் போய்ச் சேர்ந்தார்.

நாளைக் காலையில் வண்டியை வாங்க வருகிறவர் ஒரு மெக்கானிக்கையும் கூட்டி வருகிறார். அந்த ஆள் கிளட்ச் பக்கம் ஒரு பார்வை பார்த்தால் போதும், குட்டு உடைந்துவிடும். அதனால்தான் பேட்டரி பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, சட்டைப் பையில் புது ஸ்விட்சோடு வந்திருந்தான். அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு ஊட்டி ஆளாக்கியவள் அக்கா. அவள் முகத்தில் எப்படி முழிப்பது? ஷெட்டுக்குள் நுழையும்போது அவனுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

"என்னடா, பேட்டரிக்கு நாடி பிடிச்சுப் பாக்குறியா?"

தூக்கிவாரிப் போட்டது. அக்கா தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு டீயோடு வாசலில் நின்றாள்.

"யாராச்சும் இதுக்கு சார்ஜ் போட்டாங்களாக்கா?"

"யாரு போடுவா? நீதான் இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கலையே." டம்ளரை நீட்டினாள். "அந்த மெக்கானிக் போன்ல ஒண்ணு கேட்டாருடா. கியர்ல கெடந்த வண்டி எப்படி ஸ்டார்ட் ஆச்சு, ஆகாதேன்னாரு. எனக்கு என்ன தெரியும்? உன்னைக் கேட்டுச் சொல்றேன்னேன்."

"பழைய வண்டிக்கா. எல்லாம் அப்படித்தான்."

டீ தொண்டையைச் சுட்டது. அவன் பார்வை மீட்டரில் விழுந்தது. பதிமூன்று புள்ளி நாலு.

அக்கா வாசலிலேயே கதவில் சாய்ந்துகொண்டு மழையைப் பார்க்க ஆரம்பித்தாள். அவன் பேட்டரி மேல் குனிந்தான். மூடிகளுக்குள்ளே ஆசிட் மெல்ல, சுண்டக் காய்கிற பால் மாதிரி, முத்து முத்தாகக் கொதித்துக்கொண்டிருந்தது. புளிப்பு நெடி கண்ணைக் கரித்தது. சார்ஜ் ஏறும்போதுதான் அப்படிக் கொதிக்கும். எங்கிருந்து ஏறுகிறது? என்ஜின் ஓடவில்லை. ஃபேன் அசையாமல் நிற்கிறது. சார்ஜ் ஏற்றுகிற டைனமோவைத் தொட்டான்.

சுட்டது.

பெல்ட்டைத் தொட்டான். அதுவும் சூடு. ரப்பர் காய்கிற வாசனை, ரொம்ப நேரம் உழுதுவிட்டு இப்போதுதான் வந்து நின்ற வண்டியின் வாசனை. பேட்டரியை அப்படியே தூக்கிக் கொண்டுபோய் ஷெட்டின் மறு மூலையில், ஒரு பலகை மேல் வைத்தான். இப்போது அதற்கும் வண்டிக்கும் நடுவே வெறும் தரைதான். மீட்டரை வைத்தான்.

பதினாலு புள்ளி இரண்டு.

என்ஜின் நல்ல வேகத்தில் ஓடினால்தான் பதினாலு வரும். இருபது வருஷத் தொழிலில் அவன் வேறு எப்படியும் பார்த்ததில்லை. ஓடிவிடு என்று கால் சொன்னது. ஓடினால் விடிந்ததும் மெக்கானிக் வருவான், குனிவான், அக்காவைப் பார்ப்பான். பேய்க்குப் பயப்படுவதா, அக்காவுக்கா? அவனுக்கு அக்காவிடம்தான் பயம் அதிகம். ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு, சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்த முழ அகல இடுக்கில் நுழைந்து, கிளட்சுக்குக் கீழே மல்லாந்து படுத்தான். இடது கால் பின் சக்கரத்துக்கு முன்னால் நீண்டிருந்தது. வேறு எங்கும் நீட்ட இடமில்லை.

மேலே இருட்டு. தடவிப் பார்த்ததில் முடிச்சு தட்டுப்பட்டது. டேப் உருகி விரலில் ஒட்டியது. வயர் இரண்டும் காய்ச்சல்காரன் கை மாதிரி கொதித்தன. முதுகுக்குக் கீழே தரை லேசாக அதிர்கிற மாதிரி இருந்தது. மழையாக இருக்கும். மழைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"தம்பி."

"என்னக்கா?"

"கிளட்ச்ல ஏதோ ஸ்விட்ச் இருக்காமே, அதை யாராச்சும் மாத்தி வச்சிருப்பாங்களோ? அப்படித்தான் இருக்கும்னாரு அந்த ஆளு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனாலும் வார்த்தை தானாகவே வந்தது.

"மச்சானே பண்ணியிருப்பாருக்கா. அவருக்கு எதுலதான் பொறுமை இருந்துச்சு?"

டயரின் முதல் பல் அவன் பாதத்தைத் தொட்டது.

முதலில் நம்பவில்லை. தான்தான் காலை நகர்த்தியிருப்போம் என்று நினைத்தான். காலை இழுத்தான். வரவில்லை. பாதத்தின் மேல் ரப்பர் ஏறியிருந்தது. வலி வர ஒரு நொடி ஆனது. வந்தபோது கத்தினான்.

"அக்கா! வண்டி நகருது!"

"ஸ்டார்ட்டே ஆகலையேடா."

ஆகவில்லை. சத்தம் இல்லை. புகை இல்லை. சக்கரம் மட்டும். கணுக்காலுக்கு வந்தது. எலும்பு நொறுங்குகிற சத்தத்தை அவன் காதால் அல்ல, பல்லால் கேட்டான். கெண்டைக்கால். ஒரு பக்கம் சுவர். ஒரு பக்கம் இரும்பு. முழங்கால். இனி ஏறப்போவது தொடை. வயிறு. நெஞ்சு.

"நான்தான்க்கா! நான்தான் ஒட்டினேன்! மச்சானுக்குத் தெரியாது, அவர் ஒண்ணும் பண்ணல, நான்தான் வயரை முறுக்கி விட்டேன், சொல்லாம விட்டுட்டேன்! நான்தான் அவரைக் கொன்னேன்!"

சக்கரம் நின்றது.

முழங்காலுக்கு மேலே, அப்படியே, தன் எடை முழுவதையும் வைத்துக்கொண்டு நின்றது. பின்னால் போகவில்லை. அவன் அழுதான். எட்டு மாசம் நெஞ்சை அடைத்துக் கிடந்ததைச் சொல்லிவிட்டோம் என்று அந்த வலியிலும் ஒரு ஆறுதல் வந்தது.

வண்டிக்கு அடியிலிருந்து பார்த்தால் அக்காவின் பாதம் மட்டும்தான் தெரிந்தது. ஈரமான இரண்டு பாதம். அவை ரொம்ப நேரம் அசையவில்லை. பிறகு மெதுவாக நடந்து வந்தன. படியில் ஒன்று ஏறியது. இன்னொன்றும் ஏறியது. சீட் கிரீச்சிட்டது.

"அக்கா, கிளட்ச்சை மிதி! கியரை எடுத்து விடு! கால் போகுதுக்கா!"

கிளட்ச் அவன் தலைக்கு மேலே இறங்கியது. தப்பித்தோம் என்று மூச்சு வந்தது. கழுத்தை ஒடித்துத் திருப்பி, ஃபுட்போர்டு இடுக்கு வழியாக அவளைப் பார்த்தான். வண்டி ஓட்டத் தெரியாத அக்கா நேராக உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கோபமில்லை, கண்ணீரும் இல்லை. அவள் அவன் பக்கம் குனியவில்லை. வலது பக்கம், பக்கத்து ஆள் உட்காருகிற, இப்போது யாரும் இல்லாத மட்கார்டை அண்ணாந்து பார்த்தாள்.

"எந்தப் பக்கம் தள்ளணுங்க?" என்று, மச்சானிடம் பேசுகிற அதே குரலில் கேட்டாள்.

"பின்னால! பின்னால தள்ளுக்கா! அக்கா, இங்க பாரு, நான் சொல்றேன்!"

அவள் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. மட்கார்டைப் பார்த்தபடியே, யாரோ பேசி முடிக்கக் காத்திருப்பவள் போலக் கொஞ்ச நேரம் இருந்தாள்.

"சரிங்க," என்று தலையாட்டிவிட்டு, கியர்க் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள்.