கொக்கியில் மாட்டாத சாவி

கட்டில் சூடாக இருந்தது.

எஸ்னா ஊர்ச் சந்தையைச் சுற்றிவிட்டு வந்த அலுப்பில் கைப்பையை நாற்காலியில் எறிந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சரிந்த சர்வினாஸ், முதுகில் பட்ட அந்தச் சூட்டில் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். வெயில் எட்டிப் பார்க்காத பக்கமாக இருந்த அறை அது. விரிப்பில் ஒரு ஆள் கிடந்த பள்ளம் தெரிந்தது. தலையணையில் அவள் வழக்கமாகப் பூசும் மல்லிகை அத்தர் மணத்தது. அதற்கு அடியில், ஆற்றங்கரைச் சேறு காயும்போது கிளம்பும் வாடையும் லேசாக இருந்தது. மேசை மேல் பாதி குடித்த புதினாத் தேநீர். கோப்பையின் விளிம்பில் உதட்டுச் சாயம், அவள் பூசுகிற அதே சாயம்.

"பெருக்குறவன் எவளையோ கூட்டிட்டு வந்து என் கட்டில்ல படுக்க வச்சிருக்கான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அவளுக்குப் பயம் வரவில்லை, அருவருப்புதான் வந்தது. இந்தக் கப்பலில் அவளுக்கு எதுதான் அருவருப்பாக இல்லை?

கப்பல் என்று சொல்வதே அதிகம். சர்வினாஸ் இதுவரை ஏறியவை எல்லாம் மத்தியதரைக் கடலில் மிதக்கும் ஊர்கள். பதினான்கு மாடி, நாடக அரங்கு, நீச்சல் குளத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு நீச்சல் குளம், எதிரே வருகிறவன் யாரென்று கடைசிவரை தெரிந்துகொள்ள வேண்டாத நிம்மதி. பார்வையும் பாதி மங்கிய கணவர் ஃபிக்ரிக்கு மூட்டு அறுவை ஆனபிறகு அந்த நீண்ட தாழ்வாரங்களில் நடக்க முடியவில்லை. போன தடவை அவரைத் தள்ளுநாற்காலியில் மின்தூக்கி வாசலில் நிறுத்திவிட்டு அவள் ஆட்டம் பார்க்கப் போய்விட்டாள். மனிதர் இரவுச் சாப்பாடுவரை அங்கேயே இருந்தார். அதை அவர் சொல்லிக்காட்டவில்லை. பேசாமல் இந்த வருடம் லக்ஸரிலிருந்து அஸ்வானுக்கு, பன்னிரண்டே அறை உள்ள ஒரு நைல் படகில் இடம் பிடித்துவிட்டார்.

"இதுவா? கெய்ரோவில நம்ம குளியல்தொட்டியையே கொண்டு வந்திருக்கலாமே" என்றாள் ஏறும்போதே.

ஏறிய பிறகும் அவள் வாய் ஓயவில்லை. ஒரே கூடம், அதிலேயே சாப்பாடு, அதிலேயே சீட்டாட்டம். தான்டா ஊரிலிருந்து வந்த வாத்தியார் தம்பதி பருப்பு சூப்பை உறிஞ்சிக்கொண்டே, அறிமுகம் ஆன அரைமணியில், "உங்களுக்கு வயிறு சரியாப் போகுதா?" என்று விசாரித்தார்கள். ஒரு பல்மருத்துவர் எல்லோர் வாயையும் சிரிக்கும்போது உற்றுப் பார்த்தார். விடிந்தால் எல்லோரும் எல்லோருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். படகின் பெயர் முகப்பில் கொட்டை எழுத்தில் இருந்தது. சர்வினாஸ் அதைப் படிக்கவே இல்லை. தொட்டிக்கு எதற்குப் பெயர்?

இதற்கெல்லாம் மேல் அந்தச் சாவி விவகாரம். வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு மரப்பலகை, அதில் வரிசையாகக் கொக்கிகள். மேசையில் ஷகூர் என்பவன் எந்நேரமும் பூசணி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டு, கைபேசியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருப்பான்.

"மேடம், சார் உள்ள இருந்தாலும் நீங்க கரைக்குப் போறப்ப சாவியக் கொக்கியில மாட்டிட்டுப் போங்க" என்று முதல் நாளே சொன்னான்.

"எதுக்கு?"

"சாவி தொங்குனா ஆள் வெளிய. கொக்கி காலியா இருந்தா ஆள் உள்ள. நான் தலைய எண்றதில்ல, கொக்கியத்தான் பாப்பேன். எல்லாக் கொக்கியும் காலின்னா கயித்த அவுத்துருவோம்."

"பெரிய கப்பல்ல ஒரு அட்டையத் தேய்ச்சாப் போதும். என் சாவி என் பையிலதான் இருக்கும். நாங்க என்ன ஆட்டு மந்தையா?"

"மந்தையில ஒண்ணு குறைஞ்சா மத்தது கத்தும், ஹஜ்ஜம்மா. நீங்க கத்த மாட்டீங்களே."

"ஹஜ்ஜம்மான்னு கூப்பிடாத. நான் இன்னும் மக்காவுக்குப் போகல" என்று வெட்டிவிட்டு நகர்ந்தாள். எஸ்னாவில் இறங்கியபோதும் பித்தளை வில்லை கோத்த அந்தக் கனத்த சாவி அவள் கைப்பையில்தான் இருந்தது.

அன்று மாலை மேல்தளத்தில் ஃபிக்ரி செம்பருத்திச் சாறை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு தெளிச்சி. வருடக்கணக்காக அவள் பார்க்காத தெளிச்சி.

"மத்தியானம் ரொம்ப நல்லா இருந்துச்சு, சர்வி."

"என்ன நல்லா இருந்துச்சு? நீங்கதான் படக விட்டு எறங்கவே இல்லையே."

"நீ காலப் பிடிச்சுவிட்டது. அந்தப் பழைய வீட்டுக் கதையெல்லாம் பேசிக்கிட்டு..." அவர் வெட்கப்பட்டார். "எப்பவும் அப்படிப் பேசக் கூடாதா?"

அவள் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். மயக்க மருந்து கொடுத்தபோது மூளையையும் சேர்த்து அறுத்துவிட்டார்கள் என்று சொல்ல நாக்கின் நுனிவரை வந்தது. அப்போது அவர் காலைப் பார்த்தாள். கணுக்காலில் காய்ந்த சேறு, விரல் தடங்களாக அப்பியிருந்தது. மெலிந்த விரல்கள். அவளுடையதைப் போல.

நேராகக் கீழே போனாள்.

"மத்தியானம் என் அறைக்குள்ள யார் போனது?"

ஷகூர் விதையைத் துப்பினான். "நீங்கதான், மேடம். பச்சை சால்வை போட்டுக்கிட்டு வந்து டீ கேட்டீங்களே. நன்றின்னு வேற சொன்னீங்க. நானே ஆச்சரியப்பட்டேன்."

"நான் சந்தையில இருந்தேன், முட்டாள்!"

"கொக்கி காலியா இருந்துச்சே" என்றான் அவன், அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்பதுபோல.

அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கோபமா பயமா என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை. கோபம் என்றே வைத்துக்கொண்டாள், அது பழகிய சாமான். எவளோ ஒருத்தி மாற்றுச் சாவி வைத்திருக்கிறாள். அரைப்பார்வை மனிதரை ஏய்த்துக் காலைத் தடவி, வளையலோ மோதிரமோ அடிக்கப் பார்க்கிறாள். கையும் களவுமாகப் பிடித்தால் போயிற்று. பக்கத்துக் கட்டிலில் ஃபிக்ரி தூக்கத்திலும் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் அவள் ஏளனம் செய்தே குடித்தனம் நடத்திய மனிதர். இன்னொருத்தி தொட்டுச் சிரிக்கவைத்தாள் என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அவர் என்னுடையவர் என்று அவளுக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் மாலை எட்ஃபு வந்தது. நைலில் துறைகள் குறைவு, படகுகள் அதிகம். ஆகவே ஒன்றோடு ஒன்று உரசிக் கட்டிவிடுவார்கள். வெளிப்பக்கத்தில் நிற்பவர்கள் மற்றப் படகுகளின் கூடங்கள் வழியாகவே கரைக்கு நடக்க வேண்டும். அவர்களுடைய தொட்டி கடைசியாக வந்ததால் வெளிப்பக்கக் கடைசியில் நின்றது. ஃபிக்ரி வாசல்வரை கைத்தடியோடு வந்தார்.

"சாவிய மாட்டிட்டுப் போ, சர்வி. கேக்குறாங்க இல்ல?"

"நீங்க போய்ப் படுங்க" என்றாள். சாவி பைக்குள் கனத்தது. திருடியைப் பிடிக்க வேண்டுமானால் நான் உள்ளே இருப்பதாகத்தானே எல்லோரும் நினைக்க வேண்டும்?

பக்கத்துப் படகில் கிழட்டு ஜெர்மானியர்கள் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்ததில் ஈரக் கம்பள நாற்றம். அதற்கடுத்ததில் கண்ணாடிச் சரவிளக்கு, அதன் கீழ் யாரோ ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் பாட்டு. மூன்றையும் தாண்டிக் கரையேறி, குதிரைவண்டிகளுக்கு நடுவே சாணி நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லி முடித்து, ஆற்றின் மேல் வெளிச்சம் சாம்பலாகும்வரை நின்றாள். பிறகு திரும்பினாள்.

சரவிளக்கு. ஈரக் கம்பளம். சீட்டாடும் ஜெர்மானியர்கள். எதிர்வாசலில் போட்ட நடைபலகை மேல் கால் வைத்து இறங்கினால் ஷகூரின் மேசை வர வேண்டும்.

வரவில்லை.

வந்தது இன்னொரு கூடம். இருட்டாக. நடுவில் எந்தப் படகையோ செருகிக் கட்டியிருக்கிறார்கள் என்று முணுமுணுத்தாள், தாண்டி நடந்தாள், கம்பளம் செருப்புக்கடியில் சொதசொதவென்று அமிழ்ந்தது, காய்கிற சேற்றின் வாடை தலையணையில் வந்ததைவிடப் பலமடங்காகத் தொண்டையில் இறங்கியது, பின்னால் ஜெர்மானியர்களின் சிரிப்பு போர்வைக்குள் அமுக்கினாற்போல மங்கிக்கொண்டே போனது. மேசை இருந்தது. ஆள் இல்லை. மேசைக்குப் பின்னால் அதேபோல ஒரு பலகை.

எல்லாக் கொக்கியிலும் சாவி தொங்கியது. பச்சை பூத்த, பழைய சாவிகள். எல்லோரும் வெளியே போன கப்பல். ஏழாம் எண் கொக்கி மட்டும் காலி.

அவள் அறை எண் ஏழு.

"யாருப்பா அங்க?" என்றாள். குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

எதிர்வாசலுக்கு ஓடினாள். கதவு பூட்டியிருந்தது. நடைபலகையை எடுத்துவிட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் கை எட்டும் தூரத்தில் தொட்டி, அதன் மஞ்சள் வெளிச்சம், ஷகூர், அவன் பூசணி விதை. கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தாள். அவன் நிமிரவில்லை. வாத்தியார் வந்து தொங்கிக்கொண்டிருந்த கடைசிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். ஷகூர் சாவிப்பலகையைப் பார்த்தான். எல்லாம் காலி.

"எல்லாரும் வந்தாச்சு! அவுங்கடா கயித்த!"

"நான் வரலடா!" என்று கத்தினாள். "ஷகூர்! நான் இங்க இருக்கேன்!" வாழ்க்கையில் முதல்முறையாக அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

எஞ்சின் முனகியது.

அறைகள். ஜன்னல்கள். எங்கள் ஜன்னல் இந்தப் பக்கம்தான். தாழ்வாரத்தில் சுவரைத் தடவிக்கொண்டே ஓடினாள். இருட்டு. ஈரம். விரலுக்கு எண் தட்டுப்பட்டது. ஏழு. பையிலிருந்து சாவியை எடுத்தாள். நுழைந்தது. திரும்பியது.

அதே அறை. அதே இரண்டு கட்டில். ஜன்னலுக்கு நேர் எதிரே அவர்கள் ஜன்னல், திரை விலகி, விளக்கு எரிந்து.

ஃபிக்ரி கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் கால் ஒருத்தியின் மடியில் இருந்தது. பச்சை சால்வை. முதுகு மட்டும் தெரிந்தது. அவள் ஏதோ சொல்ல, அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார், கல்யாணமான புதிதில் சிரித்ததுபோல.

"ஃபிக்ரி!"

தட்டினாள். இரண்டு கையாலும். வளையல் உடைந்தது. "ஃபிக்ரி, இங்க பாருங்க! அது நான் இல்ல! கேக்குதா? நான் இங்க இருக்கேன்! உங்களுக்கு நான் பிடிச்சுவிடுறேன், நானே பிடிச்சுவிடுறேன்..."

அவர் தலை நிமிர்ந்தது. காது கொடுத்தார். இரண்டு கண்ணாடிகளைத் தாண்டியும் அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"யாரோ தட்டுற மாதிரி இல்ல, சர்வி?"

பச்சை சால்வை எழுந்தது. திரும்பியது. ஜன்னலுக்கு வந்தது.

அவள் முகம். மயிரிழை பிசகாமல் அவள் முகம். அந்த முகம் சர்வினாஸைத் தலையிலிருந்து இடுப்புவரை அளந்தது. ஒரு புருவம் உயர்ந்தது. உதட்டின் ஓரம் கோணியது. சர்வினாஸ் இத்தனை வருடமாகப் பணிப்பெண்களையும் வாத்தியார்களையும் கட்டின கணவரையும் பார்த்த அதே பார்வை.

"விடுங்க" என்றது அவளுடைய குரல். "அந்தக் கப்பல்ல யாருமே இல்ல."

திரையை இழுத்து மூடியது.

மஞ்சள் வெளிச்சம் ஜன்னலிலிருந்து மெல்ல நகர்ந்தது. நடுவில் கறுப்பாகத் தண்ணீர். ஒரு கை அகலம். ஒரு ஆள் அகலம். பிறகு ஆறு மட்டும்.

அவளுக்குப் பின்னால், இருண்ட கூடத்தில், பித்தளை மரத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. கொக்கியிலிருந்து ஒரு சாவியை எடுக்கிற சத்தம்.

பிறகு அடுத்த சாவி.

பிறகு அடுத்தது.