இராமலட்சுமியின் வயிற்றில் மூன்று சூடு

முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்ட காலையில்தான், போலீசு வருகிற சேதியும் வந்தது. எதற்கு முதலில் அழுவது என்று முத்துவடிவுக்குத் தெரியவில்லை.

"ஏட்டி, பிள்ளைய அருவிக்குக் கூட்டிட்டுப் போகாதேன்னு சொன்னேன்லா?" நாத்தனார் சொக்கம்மாள் கத்தினாள். "இப்பம் ஊரே பாத்துட்டு!"

குற்றாலத்தில் பெண்கள் குளிக்கும் பக்கம், ஆறு வயது இராமலட்சுமியின் வயிற்றுத் தழும்புகளைக் கண்ட யாரோ ஓர் அம்மாள் புகார் கொடுத்துவிட்டாள். பிள்ளையை வதைத்தால் கேட்கச் சட்டம் இருக்கிறதாம். வீடு சரியில்லை என்று கோர்ட்டுக்குத் தோன்றினால் பிள்ளையை விடுதிக்கு அனுப்பிவிடுமாம். முத்துவடிவு இரண்டாந்தாரம். ஊருக்கு வேறு சாட்சியும் வேண்டுமா!

உண்மையில், பங்குனியில் குழந்தைக்கு மஞ்சள்காமாலை கண்டபோது அவள் அச்சன்புதூரில் தாய்வீட்டில் இருந்தாள். காமாலை இறங்கட்டும் என்று மஞ்சள் கொம்பைச் சுட்டு வயிற்றில் மூன்று இடத்தில் வைத்தது சொக்கம்மாள். திரும்பிவந்து புண்ணைக் கண்ட முத்துவடிவு அழுதாள். யாரிடமும் வாய் திறக்கவில்லை. தாலியறுத்து வந்த மதினி சொக்கம்மாளுக்கு இந்த வீட்டை விட்டால் ஏது போக்கு...

"நான் பாத்துக்கிடுதேன்" என்றார் கணவர் தாணுமாலயன். அவர் பார்த்துக்கொண்ட காரியங்களில் உருப்பட்டது எது என்று கேட்க அப்போது நேரமில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் யாக்கூப்பும் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் வந்தார்கள்.

"எப்படிப் பட்டுது?" என்று கேட்டார் யாக்கூப்.

"அடுப்புல விழுந்துட்டா" என்றார் தாணுமாலயன்.

"தோசக்கல்லு சுட்டுட்டு" என்றாள் சொக்கம்மாள், அதே மூச்சில்.

"ரெண்டுபேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க அண்ணாச்சி, நான் இருக்கேன்" என்றார் யாக்கூப்.

டாக்டரம்மா குழந்தையின் பாவாடை நாடாவைத் தளர்த்திப் பார்த்தார். "மூணும் ஒரே அளவு, ஒரே வரிசை. அடுப்பு இப்படியா கோலம் போடும்? நீங்க பொய் சொல்லச் சொல்லத்தான் எனக்குப் பயமா இருக்கு. யாரு வச்சது?"

"நான்தான்..." என்றாள் முத்துவடிவு.

"அப்பம் பிள்ளை எங்ககூட வரணும்மா" என்றார் டாக்டரம்மா.

"சித்தி வராம நான் வரமாட்டேன்!" இராமலட்சுமி அவள் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டாள்.

சொக்கம்மாள் ஓடிவந்து குறுக்கே விழுந்தாள். "ஐயோ, அவ பொய் சொல்லுதா! நான்தான் வச்சேன்... இன்னா பாருங்க!" முழங்கையில் பழைய தழும்பு. "எங்கம்மை எனக்கு வச்சா, பிழைச்சேன். என் மவனுக்கு நான் வைக்கல... போயிட்டானே! இவளையும் குடுத்துரவா?"

டாக்டரம்மா குனிந்து அவளைக் கைபிடித்துத் தூக்கிவிட்டார்.

"பிரியத்துல வச்சாலும் தீ சுடும்மா. காமாலைய அது ஆத்தாது" என்றார் டாக்டரம்மா, மெதுவாக. "சட்டம் புண்ணைத்தான் பார்க்கும். முதல்லயே நிசத்தைச் சொல்லியிருக்கலாமே! பிள்ளை இங்கனயே இருக்கட்டும். மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து காட்டணும்."

"நடந்ததை நடந்தபடி மேல சொல்லுதேன்" என்று தொப்பியை எடுத்தார் யாக்கூப். "இன்னொரு சூட்டைக் கண்டேன்னா, பேசிக்கிட்டு நிக்கமாட்டேன்."

அவர்கள் படியிறங்கியதும் சொக்கம்மாள் முத்துவடிவின் கையைப் பிடித்தாள்.

"ஊரு உன்னைப் பேசுனப்போகூட நான் வாயை மூடிக்கிட்டிருந்தேனே... நீ ஏன்ட்டி ஏத்துக்கிட்டே?"

"நீங்க ஜெயிலுக்குப் போயிட்டா பிள்ளைக்கு யாரு மதினி சடை பின்னுவா? நான் பின்னுனா கோணிக்கிட்டுல்லா போவுது!"

சொக்கம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நாத்தனாரும் மதினியுமாக முதல்முறை கட்டிக்கொண்டார்கள். நடுவில் இராமலட்சுமி நசுங்கினாள்.

பிறகு சொக்கம்மாள் தன் பெட்டியைத் திறந்து, சேலைக்கடியில் ஒளித்துவைத்திருந்த நுனி கருகிய மஞ்சள் கொம்பை எடுத்து முத்துவடிவிடம் நீட்டினாள்.

"அரைச்சிரு, ஏட்டி. குழம்புக்கு ஆவும்."