இன்னும் கொஞ்சம் கீழே, பொற்கொடி!

செல்போன் அலறியது.

சப்-இன்ஸ்பெக்டர் வெண்மதி பாதி இட்லியோடு எடுத்தாள்.

“அக்கா... நான் பொற்கொடி. உங்க காப்பர் கேபிள் திருடன் யாருன்னு கண்டுபுடிச்சிட்டேன்!”

வெண்மதிக்கு விக்கியது. ஊர் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து ஒரு மாதமாகக் காப்பர் கேபிள் காணாமல் போய்க்கொண்டிருந்தது. எப்படி வெளியே போகிறது... யாருக்கும் தெரியவில்லை!

“யாருடி?”

மறுமுனையில் ஒரு விசும்பல்.

“நாளைக்கு எனக்கு மோதிரம் போடப் போறவரு!”

வெண்மதி மெயின் பஜாருக்குப் பறந்தாள்.

பொற்கொடி அவளுடைய சித்தி மகள். டிப்ளமோ முடித்ததும், பர்மனென்ட் வேலை வரும் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்காமல், வண்டிகளுக்கு எலெக்ட்ரிகல் கடை திறந்தவள். மாப்பிள்ளை அறிவழகன், சுரங்கத்தில் கான்ட்ராக்டில் ஜீப் ஓட்டுபவன்.

“அழாம சொல்லு.”

“நேத்து ஜீப்பைக் கொண்டாந்தாருக்கா. ஃபோர் வீல் டிரைவ். எக்ஸ்ட்ரா லைட் போடணும்னாரு. தூரமா அடிக்கிறது, அகலமா விரியறது, வெள்ளை, மஞ்சள்... எல்லாத்தையும் எடுத்து வெச்சேன்.”

“எதை எடுத்தாரு?”

“‘உனக்கு எது புடிக்குதோ அதையே போடு’ன்னாரு.” பொற்கொடியின் கன்னம் சிவந்தது.

“அடடா!”

“பனிக்கு மஞ்சள்தான்க்கா நல்லது. வெள்ளையா இருந்தா பனியில பட்டு நம்ம கண்ணையே கூசும். அதனால விரியற மஞ்சள் ரெண்டும் கீழ, பம்பர்ல. தூரமா அடிக்கிற வெள்ளை ரெண்டும் மேல. தனி வயர், தனி ரிலே, தனி ஃப்யூஸ்... சுவிட்சைப் போட்டா கல்யாண வூடு மாதிரி இருந்துச்சு!”

“ஏய்! திருடன் எப்படி வர்றான் இதுல?”

பொற்கொடி மூக்கை உறிஞ்சினாள்.

“லைட்டை எந்த உயரத்துக்கு அடிக்கணும்னு கடைசியா செட் பண்ணுவோம். அவரு, ‘இன்னும் கீழ... இன்னும் கொஞ்சம் கீழ, பொற்கொடி’ன்னுகினே இருந்தாரு. தூரமா அடிக்க வேண்டிய லைட்டு, வண்டிக்கு முன்னாடி மண்ணுல வுழுது!”

“அதனால?”

“பின்னாடி வெயிட் ஏத்தினா பின்பக்கம் அமுங்கும். மூக்கு மேல தூக்கும். லைட்டும் தூக்கும். அதனாலதான் முன்கூட்டியே கீழ இறக்கச் சொல்றாரு! ‘பின்னாடி என்ன ஏத்துவீங்க?’ன்னு கேட்டேன். ‘ஒண்ணுமில்ல, எப்பவும் காலிதான்’னாரு. ஏன்க்கா பொய் சொல்லணும்?”

வெண்மதி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பொற்கொடியின் கணக்கு சரியென்றால் மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போவான். தப்பென்றால் கோபித்துக்கொண்டு போவான். இரண்டிலும் போவது மாப்பிள்ளைதான்!

“உனக்கு அவரைப் புடிச்சிருக்காடி?”

“புடிச்சதாலதான்க்கா போன் பண்ணேன்... நான் நெனச்சது தப்புன்னு நீங்க காட்டணும்!”

சாயங்காலம். சுரங்கத்திலிருந்து குறிஞ்சிப்பாடி போகும் சாலை. வெண்மதியும் பொற்கொடியும் ஓரமாகக் காத்திருந்தார்கள். முந்திரித் தோப்புகளின் மேல் இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

தூரத்தில் நாலு விளக்குகள்!

வெண்மதி சாலைக்கு நடுவே போய் நின்றாள். பிரேக் கிறீச்சிட்டது.

பொற்கொடி பார்த்தாள். அவள் கையால் பூட்டிய வெள்ளை விளக்குகள் மண்ணைத் தொடவில்லை. எங்கேயோ ஒரு முந்திரி மரத்தின் உச்சாணிக் கிளைக்கு வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தன!

“ஜீப்புல வெயிட் இருக்குக்கா!” என்றாள்.

அறிவழகன் இறங்கினான். காக்கியைப் பார்த்தான். பக்கத்தில் பொற்கொடியைப் பார்த்தான். முகம் வெளுத்தது.

“பின் கதவைத் திறங்க!”

“மேடம்... அது வந்து...”

“திறங்க!”

திறந்தான்.

உள்ளே... எட்டுப் பெண்கள்! எதிரும் புதிருமாக, மடியில் டிபன் கேரியரோடு!

“இன்னாம்மா போலீசு? வூட்டுக்குப் போவ வுட மாட்டியா?” என்றாள் ருக்குமணி. சுரங்கத்து மண்மேடுகளில் செடி வைக்கும் கான்ட்ராக்ட் வேலைக்காரி.

அறிவழகன் தலையைக் குனிந்தான். “ஷிப்ட் முடிஞ்சா இவங்களுக்கு பஸ் கிடையாது. ஆள் ஏத்தினது ஆபீசுக்குத் தெரிஞ்சா என் கான்ட்ராக்ட் போயிடும். அதான் காலின்னு சொன்னேன்... நான் திருடனா, பொற்கொடி?”

பொற்கொடிக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் உதடு சிரித்தது!

“மன்னிச்சிடுங்க... ஏதோ புத்தி கெட்டுப்போய்...”

“ஏ, இதுதான் பொண்ணா?” ருக்குமணி குதித்து இறங்கினாள். “வாங்கடி, பொண்ண பாக்கலாம்!”

எட்டுப் பேரும் இறங்கினார்கள். பொற்கொடியைச் சூழ்ந்தார்கள்.

“மூக்கும் முழியுமாத்தான் கீறா!”

“மாப்பிள்ளையும் தங்கமான புள்ளம்மா. சுரங்க கேட்டாண்ட எங்களப் பாத்தா செக்யூரிட்டிகூட இறங்கச் சொல்லி வண்டிய சோதிக்க மாட்டாரு. போங்க போங்கன்னு வுட்டுடுவாரு!”

எல்லோரும் சிரித்தார்கள். வெண்மதியும்.

பொற்கொடி மட்டும் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்!

அவள் பார்வை சாலையின் மேல் இருந்தது.

“என்னடி?”

“அக்கா... இவங்க எல்லாரும் இறங்கிட்டாங்க.”

“ஆமா.”

“லைட்டு வண்டி முன்னாடி மண்ணுக்கு இறங்கலையே!”

வெளிச்சம் கிளையிலிருந்து கொஞ்சம் சரிந்து, அதே முந்திரி மரத்தின் அடியில் நின்றுவிட்டிருந்தது. காலி ஜீப்பின் வெளிச்சம் அவ்வளவு தூரம் போகாது. போகவே போகாது... செட் பண்ணியது அவள்!

வெண்மதி ஜீப்புக்குள் பாய்ந்தாள். கால் வைக்கும் ரப்பர் மேட்டை உருவினாள். அடியில் தகரம். தகரத்தைத் தூக்கினாள்.

செக்கச்செவேல் என்று, தோலுரித்த கேபிள், சுருள் சுருளாக... காப்பர்!

“அடப்பாவி!” ருக்குமணி மார்பில் அடித்துக்கொண்டாள். “இத்தினி நாளும் இது மேலயா காலு வச்சிகினு வந்தோம்? எங்கள இத மூடி வெக்கிற தார்ப்பாயாடா ஆக்கின நீ!”

அறிவழகன் ஓடத் திரும்பினான்.

எட்டுப் பெண்கள். எட்டு டிபன் கேரியர்கள். எங்கே ஓடுவது?

விலங்கு மாட்டும்போது அவன் பொற்கொடியை ஏக்கமாகப் பார்த்தான்.

“நம்ம கல்யாணத்துக்காகத்தான் பொற்கொடி... ஒரு வருஷத்துல வந்துடுவேன். எனக்காக இருப்பியா?”

பொற்கொடி கண்ணைத் துடைத்தாள். ஜீப்புக்குள் கையை விட்டு விளக்குகளை அணைத்தாள். திரும்பினாள்.

“எங்க கடையில ஒரு வருஷ கேரண்டி லைட்டுக்குத்தாங்க... மாப்பிள்ளைக்குக் கிடையாது!”