அலமாரிக்கு அந்தப் பக்கம் ஒரு கை!

"அந்த எலும்புக்கூட்டை நம்ம வீட்டுப் படியேத்தினே... அப்புறம் இங்க ஒரு கொலை விழும், சொல்லிட்டேன்!"

"விழட்டும்! உன் தேவதைங்க பறந்து வந்து காப்பாத்துவாங்க இல்ல!"

"வாயை மூடுடி!"

"நீ மூடுக்கா! தெருவே கேக்குது!"

தெரு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எதிர்ச் சலவைக்கடை அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, காதை மட்டும் சாலையைக் கடந்து அனுப்பியிருந்தாள்.

சண்டை நடந்த இடம், டாரட் சீட்டு விற்கும் கடை. படம் போட்ட சீட்டுகளை விரித்து நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கே சொல்வார்களே... அந்தச் சீட்டு.

சண்டை போட்டவர்கள் அக்காவும் தங்கையும்.

அக்காவுக்குத் தெரு வைத்த பெயர் தேவதையக்கா. அழகு நிலையத்துக்கு மேலே, மாடி அறையில் பலன் சொல்பவள். அவளுடைய சீட்டுகள் எல்லாமே இளஞ்சிவப்பு. மேகம், ரோஜா, சிறகு முளைத்த குண்டுக் குழந்தைகள். 'மரணம்' என்ற சீட்டில்கூட ஒரு பட்டாம்பூச்சிதான் உட்கார்ந்திருக்கும்.

தங்கை அவளிடமே தொழில் படித்தவள். இனி தனக்கென்று ஒரு கட்டு வேண்டும் என்று கிளம்பி வந்திருக்கிறாள். கடையையே புரட்டிப் போட்டுவிட்டுக் கடைசியில் கை வைத்தது...

கறுப்புக் கட்டு!

அட்டை கறுப்பு. ஓரம் கறுப்பு. மரணம் என்ற எலும்புக்கூடு தோல் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறது. காதலர்கள் ஒரே படுக்கையில் முதுகைக் காட்டிப் படுத்து, ஆளுக்கொரு போனை நோண்டுகிறார்கள். தலைகீழாகத் தொங்குபவன் ஜிம் கம்பியில் தொங்குகிறான். நீதிதேவதையின் கண்ணில் துணிக்குப் பதில் கூலிங்கிளாஸ்!

"இதைக் காட்டினா வர்றவங்க செருப்பைக்கூட மாட்டாம ஓடிருவாங்கடி!"

"உன் கட்டுல வில்லனே கிடையாதுக்கா. வர்றவங்க வாழ்க்கையில இருக்கானே! அவனை எங்க காட்டுவே? மேகத்துக்குப் பின்னாலயா?"

கடைக்காரர் நடுவில் வந்தார். ஒல்லி உடம்பு, அதைவிட ஒல்லியான குரல்.

"அம்மா... கொஞ்சம் மெதுவா... அந்தக் கட்டு ஒண்ணே ஒண்ணுதான் வந்திருக்கு. வரைஞ்சவங்க இனிமே அச்சடிக்க மாட்டாங்களாம். கிழிஞ்சிடப் போகுது."

"என்ன விலைண்ணே? நானே வாங்கிக்கறேன்."

"காசு கொடுத்து வாங்குவியா?" அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "காசு கொடுத்து வாங்கின கட்டு வாயே திறக்காது. ஒண்ணு, யாராவது பரிசாக் கொடுக்கணும். இல்லேன்னா திருடணும். முதல் நாளே சொல்லிக் கொடுத்தேனா இல்லையா?"

"அப்ப நீ பரிசாக் கொடு!"

"நானா? இந்தக் கண்றாவியையா?" அக்கா கடைக்காரர் பக்கம் திரும்பினாள். விரலை நீட்டினாள். "இது மட்டும் இவ கைக்குப் போச்சு... உங்களை உயிரோட விட மாட்டேன்!"

கதவு மணி அதிர, இருவரும் ஆளுக்கொரு திசையில் போனார்கள்.

சலவைக்கடை அம்மா கடைசி வாக்கியத்தை மட்டும் பத்திரமாக மடித்து எடுத்து வைத்துக்கொண்டாள்.

திருட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அந்தக் கடையில் அது ஒரு மரியாதையான காரியம்! திருட வந்தவர் முகத்தைப் பார்த்தாலே கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். உடனே ஏணியில் ஏறி, முதுகைத் திருப்பிக்கொண்டு, மேல்தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். வந்தவர் கட்டைச் சுருட்டிக்கொண்டு, போகிற போக்கில் கதவோரத்து உண்டியலில் விலையைப் போட்டுவிட்டுப் போவார். விதியை ஏமாற்ற ஒரு உண்டியல் போதும்!

மத்தியானம்.

தங்கை கைப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். எதற்கு? திருடத்தான்!

கதவைத் தள்ளினாள்.

அலமாரி குப்புற விழுந்து கிடந்தது. தரையெல்லாம் சீட்டுக்கட்டுகள். ஏணி ஒரு பக்கம். அதனடியில்...

கடைக்காரர்!

நெற்றியில் ரத்தம். கண்கள் மூடியிருந்தன. நெஞ்சின் மேல் ஒற்றைச் சீட்டு. தோல் ஜாக்கெட் போட்ட மரணம், அவரோடு சேர்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது.

"ஐயோ...!"

அந்த அலறலில் சலவைக்கடை அம்மா ஒரு சட்டையின் காலரைக் கருக்கிவிட்டாள்.

போன் பறந்தது. போலீஸும் பறந்து வந்தது! அந்தத் தெருவில் சைக்கிள் காணாமல் போனால், சைக்கிள் துருப்பிடித்த பிறகுதான் வருவார்கள். அன்றைக்கு என்னவோ, சலவைக்கடை அம்மா போனைக் கீழே வைப்பதற்குள் இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார். மீசைக்காரர். ஐம்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவர். முகமெல்லாம் வியர்வை.

"உயிர் இருக்கு! ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!" என்றார். பிறகு தரையைச் சுற்றிப் பார்த்தார். "என்னம்மா இது... ரம்மி விளையாடுற இடமா?"

"டாரட் சார்," என்றாள் தங்கை.

"எனக்கு இந்தச் சீட்டு கீட்டெல்லாம் தெரியாது. அலமாரி தானா சாய்ஞ்சிருக்கும். பழைய மரம்."

சலவைக்கடை அம்மா விடவில்லை. கறுப்புக் கட்டின் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். இரண்டாகக் கிழிந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"தானா சாயுற அலமாரி பெட்டியைக் கிழிச்சு சீட்டையும் எடுத்துட்டுப் போகுமா சார்? காலையில தேவதையக்கா 'உயிரோட விட மாட்டேன்'னு கத்தினதை என் ரெண்டு காதாலயும் கேட்டேன். இப்பக்கூட, சத்தம் கேட்டுத் திரும்பிப் பாக்கறேன்... குடையைச் சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு அவங்கதான் ஓடறாங்க. மழையும் இல்லை, வெயிலும் இல்லை!"

பெண் கான்ஸ்டபிள் மளமளவென்று எழுதிக்கொண்டாள்.

தங்கை திறந்திருந்த கைப்பையை மூடினாள். காலையில் தான் கிளப்பிய சண்டை. இப்போது அக்காவின் கையில் விலங்காக வந்து நிற்கப்போகிறது!

மாடிக்கு ஓடினாள்.

அக்கா ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

"தலைவலிடி. விளக்கைப் போடாதே."

தங்கை தலையணையை உருவினாள். புதுக் கட்டைத் தலைக்கடியில் வைத்துப் படுத்தால்தான் அது ஆளோடு பழகும் என்று சொல்லிக்கொடுத்தவளே அக்காதான்.

தலையணைக்கடியில்... கறுப்புச் சீட்டுகள்! பாதிக் கட்டு!

"அக்கா... நீயா?"

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். தேவதைக்கு மூக்கு ஒழுகியது.

"அடிக்கலடி! சத்தியமா அடிக்கல! திருடத்தான் போனேன்."

"எனக்கு வேண்டாம்னு சொன்னியே!"

"உனக்கு வேண்டாம்னுதான் சொன்னேன். எனக்கு வேண்டாம்னு எப்ப சொன்னேன்?" அக்கா மூக்கைத் துடைத்தாள். "புருஷன் ஓடிப்போயிட்டான்னு ஒருத்தி முன்னால உக்காந்து அழறா. நான் அவகிட்ட மேகத்தைக் காட்டிக்கிட்டு இருக்கேன். எனக்கே வெட்கமா இருக்குடி. அந்தக் கட்டைப் பார்த்ததுமே மனசு விழுந்துடுச்சு."

"அதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நீ சொன்னது சரின்னு உன்கிட்ட ஒத்துக்கறதுக்கு, ஜெயிலுக்கே போகலாம்."

"போகத்தான் போறே! என்ன நடந்துச்சு? சொல்லு!"

"அவர் ஏணியில ஏறி முதுகைத் திருப்பிக்கிட்டாரு. நான் அலமாரியில கையை விட்டு கட்டைப் பிடிச்சேன். அப்ப..." அக்காவின் குரல் இறங்கியது. "அந்தப் பக்கத்துல இருந்து ஒரு கை வந்துச்சுடி!"

"கையா?"

"முதுகுப்பலகை இல்லாத அலமாரிதானே அது. பின்கதவு வழியா எவனோ வந்திருக்கான். ஆம்பளைக் கை. நான் இழுத்தேன். அது இழுத்துச்சு. நான் விடுவேனா? ஒரே இழுப்பு! பெட்டி கிழிஞ்சுது. அலமாரி ஆடிச்சு. ஏணி, கடைக்காரர், எல்லாம்... பயத்துல ஓடி வந்துட்டேன்."

"மூஞ்சியைப் பாத்தியா?"

"கையை மட்டும்தான் பாத்தேன்."

வெறும் கையை எந்த போலீஸ் நம்பும்?

டக்... டக்... டக்...

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம்!

இன்ஸ்பெக்டரும் கான்ஸ்டபிளும் உள்ளே வந்தார்கள். படுக்கையில் பரவிக் கிடந்த கறுப்புச் சீட்டுகளைப் பார்த்ததும் கான்ஸ்டபிளின் முகம் மலர்ந்தது.

"சார், திருட்டுச் சொத்து! கையும் களவுமா!"

அக்கா கதையைத் திரும்பச் சொன்னாள். கை என்ற இடம் வந்ததும் இன்ஸ்பெக்டருக்கு இருமல் வந்தது. இருமல் நிற்கவே இல்லை.

"கையெல்லாம்... ரிப்போர்ட்ல எழுத முடியாதும்மா," என்றார், கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு.

"சார், மேலிடத்துல இருந்து போன் மேல போன்," என்றாள் கான்ஸ்டபிள். "கொலை முயற்சி, கொள்ளை. இப்பவே கூட்டிட்டு வரச் சொல்றாங்க."

"தெரியுதும்மா... அவசரப்படாதே... ஒரு டீ சாப்பிட்டுட்டு..."

கைது செய்ய வந்தவர்தான் அங்கே ரொம்பவும் பயந்துபோனவர் மாதிரி தெரிந்தார்.

அக்கா செருப்பைத் தேடினாள். தங்கைக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. வக்கீல் தெரியாது. சாட்சி கிடையாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்.

பாதிக் கட்டை அள்ளினாள். கலைத்தாள். மேசையில் கவிழ்த்து விரித்தாள்.

"சார், ஒரு நிமிஷம்! ஒரே ஒரு சீட்டு எடுக்கறேன். நீதி வந்துச்சுன்னா எங்கக்கா தப்பு பண்ணலை. வரலேன்னா... நானே விலங்கு மாட்டி அனுப்பறேன்!"

"இதெல்லாம் கோர்ட்டுல செல்லாதும்மா," என்றாள் கான்ஸ்டபிள்.

தங்கை கேட்கவில்லை. கண்ணை மூடினாள். விரல் சீட்டுகளின் மேல் நகர்ந்தது. நின்றது...

"வேண்டாம்மா!" இன்ஸ்பெக்டர் துள்ளி முன்னால் வந்தார். "நீதின்னு சொல்லாதே! நீதி வராது!"

கான்ஸ்டபிளுக்கு வருத்தமாகிவிட்டது. "சார், நாமளே இப்படிச் சொன்னா ஜனங்க எங்க போவாங்க?"

"ஐயோ, அது இல்லைம்மா... அந்த நீதி இல்லை. அந்தச் சீட்டு அதுல கிடையாது! பாவம், பொண்ணு ஏமாந்து போகும். வேற ஏதாவது கேளு. முட்டாள் கேளு, சந்திரன் கேளு..."

நிறுத்தினார்.

வாயைப் பொத்திக்கொண்டார்.

தங்கை நிதானமாக எல்லாச் சீட்டுகளையும் புரட்டிப் போட்டாள். முட்டாள் இருந்தான். சந்திரன் இருந்தது.

நீதி இல்லை!

"சார்..." என்றாள் தங்கை. "இந்தப் பாதியில எது இல்லைன்னு எனக்கே தெரியாது. மீதிப் பாதியை வச்சிருக்கறவருக்குத்தானே தெரியும்?"

இன்ஸ்பெக்டரின் மீசை தொங்கிப்போனது. சட்டைக்குள் கையை விட்டார். மேசை மேல் வைத்தார்.

கறுப்புச் சீட்டுகள். மேலே, கூலிங்கிளாஸோடு நீதி!

"அந்தக் கை!" அக்கா வீறிட்டாள்.

"நீங்கதானே அந்தப் பக்கம்?" இன்ஸ்பெக்டர் வியந்தார். "என்ன இழுப்பும்மா அது! தோள்பட்டை இன்னும் வலிக்குது!"

"சார், ரம்மியான்னு கேட்டீங்களே சார்!" கான்ஸ்டபிள் அழாத குறை.

"வேற என்னம்மா கேக்கறது? தினமும் டூட்டிக்கு முன்னால சீட்டுப் பாக்கறவன்னு ஸ்டேஷன்ல தெரிஞ்சா மானம் போயிடும். என் பழைய கட்டுல எல்லாம் ராஜா, ராணி, குதிரை. எனக்கு வர்ற கேஸ் எல்லாம் மொபைல் திருட்டு. குதிரையை வச்சுக்கிட்டு நான் என்னத்தைக் கண்டுபிடிக்கிறது?"

"அதுக்காக அடிபட்டவரை விட்டுட்டு ஓடினீங்களா?" என்றாள் தங்கை.

"பின்சந்துல நின்னு யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு உடனே வந்துட்டேனே! அலமாரி தானா விழுந்ததுன்னு எழுதி முடிச்சிடலாம்னு பார்த்தேன். அந்தச் சலவைக்கடை அம்மா விட்டாத்தானே!"

ட்ரிங்... ட்ரிங்...

கான்ஸ்டபிளின் போன். ஆஸ்பத்திரி! கடைக்காரருக்கு நினைவு வந்துவிட்டது. ஸ்பீக்கரில் அந்த ஒல்லிக் குரல் நடுங்கியது.

"நான் யாரையும் பார்க்கலைம்மா. முதுகைத் திருப்பிட்டிருந்தேன். அது தொழில் தர்மம். மண்டை உடைஞ்சது பரவாயில்லை... கட்டு என்ன ஆச்சு?"

"ரெண்டு பாதியா இருக்குங்க. ஒண்ணு இவங்ககிட்ட, ஒண்ணு எங்க சார்கிட்ட."

மறுமுனையில் ஒரு விசும்பல்.

"பிரிச்சிட்டாங்களா? பாவிங்க! ரெண்டு பாதியும் ஒரே வீட்டுல சேரணும். சேர்த்தா புகார் இல்லை. இல்லேன்னா ரெண்டு பேரையும் உள்ள தள்ளாம விட மாட்டேன்!"

"கொடுத்துடுங்க சார்," என்றாள் அக்கா.

"நீங்க கொடுங்க."

"நான் முதல்ல பிடிச்சேன்!"

"நீதி என் பக்கம் இருக்கு!"

இருவரும் முறைத்துக்கொண்டார்கள். முறைத்தபடியே நின்றார்கள். அந்த முறைப்பு கொஞ்சம் அதிக நேரம் நீடித்துவிட்டதை முதலில் கவனித்தவள் கான்ஸ்டபிள்தான். "சார், நான் கீழ நிக்கறேன்," என்று நழுவிவிட்டாள்.

விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. ஆகவே வேறு வழியில்லாமல்...

கல்யாணம் செய்துகொண்டார்கள்!

பதிவு அலுவலகத்தில், கறுப்புக் கட்டை மேசை நடுவில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். நிமிர்ந்து பார்த்தபோது மேசை காலியாக இருந்தது. தங்கையையும் காணோம்! அன்றைக்கே ரயிலேறி வேறு ஊருக்குப் போய்விட்டாள். இப்போது அங்கே ஆட்கள் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு வந்து, அந்த எலும்புக்கூட்டின் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அக்காவும் இன்ஸ்பெக்டரும் புகார் கொடுக்கவில்லை. திருடின கட்டுதான் பேசும் என்று சொல்லிக்கொடுத்தவளே புகார் கொடுத்தால் நன்றாகவா இருக்கும்?

ஆஸ்பத்திரியில் காவலுக்குப் போன கான்ஸ்டபிள், காவலை நிரந்தரமாக்கிக்கொண்டாள். கடைக்காரரைக் கட்டிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு, கல்லாவில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் இன்னும் ஏணியில் ஏறி முதுகைத் திருப்பிக்கொள்கிறார். அம்மணி திருப்புவதில்லை.

அந்தக் கடையில் திருட்டு இப்போது அடியோடு ஒழிந்துவிட்டது... கூடவே வியாபாரமும்!